பொருளாதாரத் தடையும் ஐஎம்எஃப் (சர்வதேச நாணய நிதியம்) கூடுதல் கட்டணமும் ஏழை நாடுகளை எப்படி பாதிக்குது?

முதல்ல தடையைப் பத்தி சொல்றேன், ஏன்னா அதுலதான் நிறைய பேரு தப்பா புரிஞ்சு வெச்சிருக்காங்க. "மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் தடை இல்லையே, அப்புறம் ஜனங்க ஏன் கஷ்டப்படணும்"னு கேப்பாங்க. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நெனச்சிட்டு இருந்தேன். விலக்கு இருக்கறது உண்மைதான், ஆனா சிக்கல் மருந்துல இல்ல, மருந்துக்கு பணம் போய்ச் சேர்ற வழியில இருக்கு.

ஈரான்ல ஒரு ஆஸ்பத்திரி ஐரோப்பாவுல இருந்து மருந்து வாங்கணும்னு வைங்க. விக்கிற கம்பெனி ரெடி, சட்டப்படி விலக்கும் இருக்கு, வாங்கறவங்க கையில காசும் இருக்கு. ஆனா அந்தக் காசை வாங்கி மறுபக்கம் குடுக்க நடுவுல ஒரு பேங்க் வேணும்ல? அங்க உக்காந்திருக்கறவரு ஃபார்ம்ல நாட்டோட பேரைப் பார்த்த உடனே ஃபைலை மூடிடுவாரு. அவரைக் குத்தம் சொல்லியும் பிரயோஜனம் இல்ல, 2014ல சூடான், ஈரான், கியூபா சம்பந்தமான பரிமாற்றங்களுக்காக பிஎன்பி பாரிபாங்கற பிரெஞ்சு பேங்குக்கு அமெரிக்கா போட்ட அபராதம் கிட்டத்தட்ட 900 கோடி டாலர். ஒரு மருந்து ஆர்டர்ல கிடைக்கிற கமிஷனுக்காக எந்த பேங்க் அந்த ரிஸ்க்கை எடுக்கும்? கப்பல்காரன், இன்சூரன்ஸ்காரன் எல்லாரும் இதே கணக்குதான் போடுவாங்க. சட்டம் தடுக்கல, பயம் தடுக்குது, பயத்துக்கு விலக்கு எழுதி வைக்க முடியாது.

ஆஃப்கானிஸ்தான்ல நடந்தது இன்னும் மோசம். 2021 ஆகஸ்ட்ல தாலிபான் காபூலுக்குள்ள வந்ததும் அந்த நாட்டு சென்ட்ரல் பேங்க் நியூயார்க்ல வெச்சிருந்த சுமார் 700 கோடி டாலரும் முடங்கிடுச்சு. அது தாலிபான் சம்பாதிச்ச காசு இல்ல, நாட்டோட கையிருப்பு. உள்ளூர்ல பேங்க்ல பணம் போட்டு வெச்சிருந்த சாதாரண ஜனங்க வாரத்துக்கு 200 டாலருக்கு மேல எடுக்க முடியாம வாசல்ல வரிசையில நின்னாங்க. உதவிப் பணத்தை அனுப்ப பேங்க் வழி இல்லாம ஐநாவே டாலர் நோட்டை கட்டுக்கட்டா ஃப்ளைட்ல ஏத்தி காபூலுக்கு கொண்டு போச்சு. ஒரு நாட்டோட பேங்க் வழியை அடைச்சா என்ன ஆகும்னு இதைவிட தெளிவா காட்ட முடியாது.

ஈராக்ல 1990ல போட்ட ஐநா தடை சமயத்துல தண்ணி சுத்தம் பண்ற குளோரினையே ராணுவத்துக்கும் பயன்படும்னு நிறுத்தி வெச்சாங்க. (அப்போ சொன்ன 5 லட்சம் குழந்தைகள் சாவு கணக்கு நம்பத்தகுந்ததில்லனு பின்னாடி வந்த ஆய்வுகள் சொல்லிடுச்சு, அதனால அதை நான் எடுக்கல. அந்தக் கணக்கு இல்லாமலேயே பாதிப்பு பெருசுதான்.) அங்க ஐநா நிவாரண வேலைக்கு பொறுப்பா இருந்த டெனிஸ் ஹாலிடே 1998லயும், அவருக்கு அப்புறம் வந்த ஹான்ஸ் வான் ஸ்போனெக் 2000லயும் மனசு கேக்காம வேலையை விட்டாங்க.

இப்போ ஐஎம்எஃப். வட்டி போக சர்சார்ஜ்னு ஒண்ணு வாங்கறாங்க, ஒரு நாடு தன்னோட கோட்டாவைவிட (ஐஎம்எஃப்ல அந்த நாட்டுக்குனு இருக்கற பங்குத் தொகை) ரொம்ப அதிகமா கடன் வெச்சிருந்தா, ரொம்ப வருஷம் வெச்சிருந்தா. ஒரு நாட்டு கோட்டா 100, கடன் 400னு வைங்க. பழைய விதிப்படி 187.5க்கு மேல இருக்கற 212.5க்கு 2 சதவீதம், அதாவது வருஷத்துக்கு 4.25 எக்ஸ்ட்ரா. மூணு வருஷம் தாண்டினா (நீண்டகால திட்டத்துல நாலேகால் வருஷம்) 3 சதவீதம், 6.4 கிட்ட. 2024 அக்டோபர்ல குறைச்சாங்க, இப்போ 300க்கு மேல இருந்தாதான் கணக்கு, லேட் ஆனா சேர்றதும் 1 இல்ல, முக்கால் சதவீதம். அதே நாடு லேட் ஆனாலும் 2.75தான் வரும். இது நல்ல மாத்தம்தான், ஒத்துக்கறேன். மிக ஏழை நாடுகளுக்கு வட்டியே இல்லாத தனிக் கடனும் இருக்கு, அவங்க மேல இந்த சர்சார்ஜ் வராது. ஆனா எகிப்து, பாகிஸ்தான், ஈக்வடார் மாதிரி நாடுகள் மாட்டிக்குது, போர் நடக்கற உக்ரைனும் கட்டிச்சு.

ஐஎம்எஃப் சொல்ற காரணம், அதிகமா வாங்காம சீக்கிரம் திருப்பிக் கட்டணும்ங்கறது. வேற இடத்துல குறைஞ்ச வட்டிக்கு கிடைக்கிறவனுக்கு இந்த பேச்சு சரி. வேற யாருமே கடன் குடுக்காததாலதான் ஒரு நாடு அங்க வந்து நிக்குது, அவன்கிட்ட போய் சீக்கிரம் கட்டலைன்னா ஏத்துவேன்னா எங்க இருந்து கட்டுவான்? பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஒதுக்கற காசுலதான் கை வைப்பான்.

தடையும் ஐஎம்எஃப் கடன் பாக்கியும் ஒண்ணா சேர்ந்தா என்ன ஆகும்ங்கறதுக்கு சூடானைப் பாருங்க. 1993ல அமெரிக்கா அதை பயங்கரவாத ஆதரவு நாடுகள் பட்டியல்ல போட்டுச்சு. அந்தப் பட்டியல்ல இருந்தா ஐஎம்எஃப், உலக வங்கி உதவியை அமெரிக்கா எதிர்க்கணும்னு அவங்க சட்டமே சொல்லுது, ஐஎம்எஃப்ல 16 சதவீதத்துக்கு மேல ஓட்டு அவங்ககிட்ட. ஏழை நாடுகளுக்கு கடன் தள்ளுபடி திட்டம் 1996லயே வந்தாச்சு, சூடான் வெளியவே நின்னுச்சு, பாக்கி மேல வட்டி ஏறிக்கிட்டே போச்சு. பட்டியல்ல இருந்து எடுத்தது 2020 டிசம்பர்ல, அப்போ சூடானை ரொம்ப காலம் ஆண்ட பஷீரோட ஆட்சி போய் ஒன்றரை வருஷத்துக்கு மேல ஆயிடுச்சு. 2021 ஜூன்ல தள்ளுபடிக்கு வழி கிடைச்சுது, அதே அக்டோபர்ல ராணுவம் ஆட்சியைப் பிடிச்சதும் உலக வங்கி பணத்தை நிறுத்திடுச்சு.