டெர்பி குதிரைக்கு ஏன் மூன்றே வயது?

கேள்வி: பள்ளி வினாடி வினாவுக்குக் கேள்விகள் தயாரிக்கிறேன். இங்கிலாந்தின் டெர்பி குதிரைப் பந்தயத்தின் தூரம் ஒரு மைல் என்கிறது ஒரு நூல். ஒன்றரை மைல் என்கிறது இன்னொன்று. எது சரி? மூன்று வயதுக் குதிரைகள் மட்டும் ஓடுவது ஏன்?

பதில்: இரண்டும் சரிதான். ஆண்டைச் சொல்லாமல் கேட்டால்தான் தகராறு. லண்டனுக்குத் தெற்கே எப்சம் மேட்டுவெளியில் 1780 மே 4 அன்று முதல் டெர்பி நடந்தபோது தூரம் ஒரு மைல். 1784இல் அது ஒன்றரை மைலானது. 'இன்றைய டெர்பியின் தூரம்' என்று கேளுங்கள், வம்பில்லை. பந்தயத்துக்கு யாருடைய பெயரை வைப்பது என்று டெர்பி பிரபுவும் குதிரைப் பந்தயப் பிரமுகர் சர் சார்லஸ் பன்பரியும் நாணயம் சுண்டிப் பார்த்ததாகச் சொல்வார்கள். அது செவிவழிக் கதை, வினாத்தாளுக்கு ஆகாது. முதல் டெர்பியை வென்றது பன்பரியின் குதிரை டயோமெட் என்பது உறுதி.

இனி வயது. டெர்பிக்கு முந்தைய காலத்தில் ஐந்து, ஆறு வயதுக் குதிரைகளை நான்கு மைல் தூரம், ஒரே நாளில் பல சுற்று ஓட விடுவார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உரிமையாளர்களுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. இளங்குதிரையின் வேகத்தைச் சீக்கிரம் பார்த்துவிட்டு, தேறியதை இனவிருத்திக்கு அனுப்ப விரும்பினார்கள். இங்கிலாந்தின் டான்காஸ்டர் நகரில் 1776இலேயே மூன்று வயதுக் குதிரைகளுக்கான பந்தயம் தொடங்கிவிட்டது. டெர்பியும் அதே வழியில் வந்தது. ஒரு குதிரைக்கு ஆயுளில் ஒரே வாய்ப்பு. அடுத்த ஆண்டு வந்தால் வயது கடந்துவிட்டிருக்கும்.

இந்த வயது நிபந்தனையில்தான் 1844இல் மோசடி நடந்தது. முதலில் வந்த 'ரன்னிங் ரெய்ன்' உண்மையில் மக்காபியஸ் என்ற நான்கு வயதுக் குதிரை. அந்த வயதில் ஓராண்டு மூப்பு என்பது பெரிய பலம். நம் மாட்டுச் சந்தையில் 'இரண்டு பல்', 'நாலு பல்' என்பார்களே, குதிரைக்கும் அதே கணக்குத்தான். இரண்டரை வயதில் முன்வரிசையின் நடுப் பால்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் முளைக்கும். மூன்றரையில் அவற்றுக்குப் பக்கத்துப் பற்கள். வாயைத் திறந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். வழக்கு நீதிமன்றம் போனது, நீதிபதி குதிரையைக் கொண்டுவரச் சொன்னார். குதிரை வரவே இல்லை! வெற்றி இரண்டாவதாக வந்த குதிரைக்குப் போனது.

உங்கள் வினாத்தாளுக்கு என் பங்காக ஒரு கேள்வி: இரண்டாவதாக ஓடி வந்தும் 1844 டெர்பியை வென்ற குதிரை எது? விடை: ஆர்லாண்டோ.