மீன் குழம்பு சாப்பிட்டதும் முகம் சிவந்தது ஏன்?

கேள்வி: தண்டையார்பேட்டையில் இருக்கிறோம். எனக்கு வயது 36. மே மாதம் ஒரு சனிக்கிழமை போனில் ஆர்டர் போட்டு அரை கிலோ கானாங்கத்தை வாங்கினேன். சுத்தம் செய்து, துண்டு போட்டு, கவரில் வந்தது. நான் தையல் கடையில் வேலை பார்க்கிறேன். பதினொரு மணிக்கு டெலிவரி வந்தபோது மாமியார்தான் வாங்கி அடுப்பு மேடையில் வைத்திருக்கிறார். ஒன்றரை மணிக்கு நான் வந்து குழம்பு வைத்தேன். சாப்பிடும்போதே நாக்கு சுருசுருவென்றது. மிளகு கூடிப்போச்சு என்று நினைத்துக்கொண்டேன். அரை மணி நேரத்தில் முகமும் கழுத்தும் சிவந்து எரிந்தன. தலைவலி, நெஞ்சு படபடப்பு, இரண்டு தடவை வயிற்றுப்போக்கு. கணவருக்கும் முகம் சிவந்து தலை வலித்தது. முள்ளுக்குப் பயந்து முட்டை மட்டும் சாப்பிட்ட மகனுக்கு ஒன்றும் ஆகவில்லை. மாமியார் சனிக்கிழமை கவுச்சி சாப்பிடமாட்டார். இரவுக்குள் எல்லாம் சரியாகிவிட்டது. மீனில் கெட்ட வாடையே இல்லை, குழம்பும் நன்றாகக் கொதித்தது. சின்ன வயதிலிருந்து மீன் சாப்பிடுகிற எனக்கு இப்போது அலர்ஜி வந்துவிட்டதா? ஆன்லைனில் மீன் வாங்குவதை விட்டுவிடவா? என் கணவர் இன்னமும் அவர் அம்மாவைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறார்.

பதில்: நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இது மீன் அலர்ஜி மாதிரி தெரியவில்லை. அலர்ஜி என்பது ஒருவருடைய உடம்பின் குணம். ஒரே குழம்பைச் சாப்பிட்ட இரண்டு பேருக்கு, ஒரே நேரத்தில், ஒரே மாதிரி முகம் சிவக்கிறது, மீனைத் தொடாத பிள்ளை நன்றாக இருக்கிறான் என்றால் சந்தேகம் மீன்மேல்தான் விழ வேண்டும். அதுவும் கானாங்கத்தை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு சொல்லிலேயே எனக்குப் பாதி விடை கிடைத்துவிட்டது.

கானாங்கத்தை, சூரை, வஞ்சிரம், மத்தி, நெத்திலி போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற பொருள் இயற்கையாகவே அதிகம். மீன் செத்த பிறகு சூட்டில் கிடந்தால், அதன் செவுளிலும் குடலிலும் இருக்கும் கிருமிகள் பெருகி, இந்த ஹிஸ்டிடினை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். அலர்ஜி வந்தால் நம் உடம்பு வெளியே விடுகிற அதே ஹிஸ்டமின்தான் இது. உடம்பு தானாகச் சுரக்க வேண்டியதை நீங்கள் தட்டிலிருந்தே சாப்பிட்டுவிட்டீர்கள். அதனால்தான் பார்ப்பதற்கு அலர்ஜி போலவே இருந்தது. நாக்கில் மிளகு பட்டது போன்ற சுருசுருப்பு இதற்கே உரிய அடையாளம். குழம்பில் மிளகு சரியாகத்தான் இருந்திருக்கும். ஒரே மீனிலும் ஒரு துண்டில் ஹிஸ்டமின் அதிகமாகவும் இன்னொன்றில் குறைவாகவும் இருக்கும் என்பதால், உங்கள் கணவருக்கு லேசாகப் போயிருக்கலாம்.

கொதிக்க வைத்தோமே என்று கேட்கிறீர்கள். கொதித்தால் கிருமி சாகும். ஆனால் அது ஏற்கெனவே உண்டாக்கி வைத்த ஹிஸ்டமின் கொதியில் அழியாது. பொரித்தாலும் அழியாது, ஃப்ரீசரில் உறைய வைத்தாலும் அழியாது. அதற்கு வாடையும் கிடையாது. மூக்கை நம்பி மீன் வாங்கிப் பழகிய நமக்கு இதுதான் சங்கடம். ஒரு முறை பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு பெரியவர் மிச்சக் குழம்பைத் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டே என் அறைக்கு வந்துவிட்டார். "டாக்டர், மோந்து பாருங்க, எப்படி மணக்குதுன்னு" என்று மூடியைத் திறந்து நீட்டினார். உண்மையிலேயே அருமையாக மணந்தது. அவர் கழுத்து மட்டும் செக்கச்செவேல் என்றிருந்தது.

சரி, தப்பு எங்கே நடந்தது? மே மாதம் என்று சொல்கிறீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடலில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். காசிமேட்டில் அப்போது நாட்டுப்படகு, ஃபைபர் படகு மீன்தான் கொஞ்சம் இறங்கும். மற்றது கேரளா போன்ற வெளியிடங்களிலிருந்து லாரியில் வருவது. பத்து நிமிடத்தில் டெலிவரி என்று ஆப்பில் போட்டிருந்தால், அந்தப் பத்து நிமிடம் குடோனிலிருந்து உங்கள் வாசல் வரைக்கும்தான். வலையில் ஏறியதிலிருந்து குடோன் வரைக்கும் எத்தனை நாள், எத்தனை முறை ஐஸ் கரைந்தது, லாரியிலிருந்து இறக்கும்போது பெட்டி எவ்வளவு நேரம் வெயிலில் நின்றது என்பதை அந்தக் கவர் சொல்லாது. பேக் செய்த தேதி வேறு, மீன் பிடித்த தேதி வேறு. இதை எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று மிகவும் விரும்புகிறேன்.

அதனால் உங்கள் மாமியாரை மட்டும் திட்டுவது நியாயமே இல்லை. மே மாத வெயிலில், அடுப்பு மேடையில் இரண்டரை மணி நேரம் வைத்திருக்கக் கூடாதுதான். 5 டிகிரிக்கு மேல் போனாலே கிருமிகளுக்குக் கொண்டாட்டம். நம் ஊர் வெயிலில் ஒரு மணி நேரமே அதிகம். ஆனால் மீன் வாசலுக்கு வரும் முன்பே கெட்டிருந்தால், வந்த நிமிடமே ஃப்ரிட்ஜில் வைத்திருந்தாலும் உங்கள் முகம் சிவந்துதான் இருக்கும். இரண்டில் எது என்று இப்போது யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

ஆன்லைனை விட்டுவிடவா என்று கேட்டீர்கள். வேண்டாம். நம் பக்கத்தில் "ஐஸ் வெச்ச மீனா?" என்று முகம் சுளித்துக் கேட்கிற பழக்கம் உண்டு. இந்த வகை மீன்களுக்கு ஐஸ்தான் காவல். பிடித்தவுடனேயே ஐஸில் போட்டு, கடைசி வரை ஐஸில் வந்த மீன், ஐஸ் இல்லாமல் தெருவோர அன்னக்கூடையில் காலையிலிருந்து வெயில் காய்ந்த மீனைவிட நூறு மடங்கு மேல். கடையா, ஆப்பா, காசிமேடா என்பது எனக்கு முக்கியமில்லை. கையில் தொட்டால் சில்லென்று இருக்கிறதா என்பதே முக்கியம்.

டெலிவரி வந்ததும் கவரைக் கையில் பிடித்துப் பாருங்கள். சில்லென்று இல்லாமல் சாதாரணமாக இருந்தால், கூட வைத்த ஐஸ் பை தண்ணீராகிப் போயிருந்தால், அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கூச்சப்பட வேண்டாம். துண்டு போட்ட மீனில் கண்ணையும் செவுளையும் பார்க்க வழியில்லை. அதனால் கானாங்கத்தை, மத்தி போன்றவற்றை முழு மீனாக வாங்கி வீட்டில் ஆய்வதே நல்லது. செவுள் நல்ல சிவப்பாக இருக்க வேண்டும், விரலால் அமுக்கினால் சதை எழும்ப வேண்டும், வயிறு உடைந்திருக்கக் கூடாது. ஆய்ந்து கழுவி, மூடி போட்ட டப்பாவில் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். மசாலா தடவி ஊற வைப்பதும் ஃப்ரிட்ஜுக்குள்ளேதான். உறைந்த மீனைக் காலையிலிருந்து சிங்க்கில் போட்டு வைத்து மதியம் சமைப்பது நிறைய வீடுகளில் நடக்கிறது. அதை முதல் நாள் இரவே ஃப்ரீசரிலிருந்து கீழே இறக்கி, ஃப்ரிட்ஜிலேயே இளக விடுங்கள்.

பால், கோழி, தோசை மாவு எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். பேக்கெட் பொருள் வாங்கினால், டெலிவரியின்போது காலாவதிக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று பாருங்கள். மொத்த ஆயுளில் 30 சதவீதமோ, 45 நாளோ மிச்சம் இருக்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024-ல் ஆன்லைன் நிறுவனங்களுக்குச் சொல்லியிருக்கிறது.

இப்போது உங்கள் உடம்பு. இந்த வகை நஞ்சு பெரும்பாலும் ஒரு நாளுக்குள் தானாக அடங்கிவிடும். அலர்ஜிக்குக் கொடுக்கிற சாதாரண மாத்திரையே போதுமானதாக இருக்கும், அதை டாக்டரைப் பார்த்து வாங்குங்கள். ஆனால் மூச்சுத் திணறல், உதடு அல்லது நாக்கு வீக்கம், தலைசுற்றி மயக்கம் வருவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள், அல்லது நேரே ஸ்டான்லி அவசரப் பிரிவுக்குப் போங்கள். இந்த அறிகுறிகள் அன்று உங்களுக்கு இருந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்திருந்தால், மறுபடி மீன் சாப்பிடும் முன் அலர்ஜி பரிசோதனை செய்துகொள்வது அவசியம். இல்லையென்றால் புதிய, நல்ல மீனாக வாங்கித் தாராளமாகச் சாப்பிடலாம். பெரியவர்களானதும் புதிதாக அலர்ஜி வருவதும் உண்டுதான், இறாலிலும் நண்டிலும் அதை அதிகம் பார்க்கிறோம். அதனால் நல்ல மீனிலும் இதே தொல்லை திரும்ப வந்தால் பரிசோதனைக்கு வந்துவிடுங்கள்.

இன்னொன்று கேட்க வேண்டும். வீட்டில் யாராவது டிபிக்கு மாத்திரை சாப்பிடுகிறார்களா? அதில் உள்ள ஐசோநயாசிட், உடம்பு ஹிஸ்டமினைக் கரைத்து வெளியேற்றுவதைத் தடுக்கும். அப்படிப்பட்டவர்களுக்கு மற்றவர்களை ஒன்றும் செய்யாத மீன்கூடக் கடுமையாகத் தாக்கலாம். சிலர் மருந்துதான் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். மாத்திரை முடியும் வரை சூரை, கானாங்கத்தை போன்றவற்றைத் தள்ளி வைத்துவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள்.

அப்புறம், டெலிவரி நேரத்தை நீங்கள் வீட்டில் இருக்கும் மாலையாகப் போடுங்கள். முடியாத நாளில், மாமியாரிடம் கவர் வந்ததும் ஃப்ரிட்ஜில் வைக்கும்படி காலையிலேயே சொல்லிவிட்டு, கீழ்த்தட்டில் ஒரு காலி டப்பாவும் வைத்துவிட்டுப் போங்கள்.