கோச் கத்தினா அம்பயர் என்ன பண்றது?

கேள்வி: அண்ணே, டர்பன் சாட்ஸ்வொர்த்ல இருக்கேன். சின்னப் பசங்க பேஸ்பாலுக்கு இந்த வருஷம்தான் அம்பயரா நிக்கறேன். போன சனிக்கிழமை நான் ஸ்ட்ரைக்குன்னு, அதாவது பேட்டர் அடிக்காம விட்ட நல்ல பந்துன்னு, சொன்ன ஒவ்வொரு தடவையும் ஒரு கோச் கத்திக்கிட்டே இருந்தாரு, எனக்குக் கையே நடுங்கிருச்சு. என்ன பண்றது?

பதில்: தம்பி, நடுங்கறது தப்பே இல்ல, எனக்கும் முதல் சீசன் பூரா அப்படித்தான். அவர் சண்டை போடறது நீ கண்ணால பாத்ததுக்கா, ரூலுக்கான்னு முதல்ல பாரு. பால் (அடிக்க வாகில்லாம விலகி வந்த பந்து), ஸ்ட்ரைக், சேஃப் (ஓடினவன் அவுட் ஆகாம தப்பிச்சது), அவுட் எல்லாம் உன் முடிவு, ரூல் புக்லயே அதான் இறுதின்னு இருக்கு. ஆனா ரூலையே நீ தப்பா போட்டுட்டன்னு அவருக்குத் தோணுனா கேக்கறதுக்கு உரிமை உண்டு, அப்ப நின்னு பொறுமையா கேளு, வேணும்னா கூட நிக்கிற அம்பயர்கிட்டயும் விசாரிச்சுக்கோ, அதுல குறைச்சல் ஒண்ணும் இல்ல.

திருப்பிக் கத்தாதே. நான் டைம் சொல்லி ஆட்டத்தை நிறுத்திட்டு மாஸ்க்கைக் கழட்டி, பிரஷ் எடுத்துக் குனிஞ்சு, பேட்டர் பக்கத்துல தரையில பதிச்சிருக்கிற பிளேட்டைத் துடைப்பேன், மண்ணு தட்டி முடிக்கறதுக்குள்ள ரெண்டு பேருக்கும் மூச்சு இறங்கிரும். அப்பவும் ஸ்ட்ரைக்குக்காக ஓடி வந்தா ஒரு எச்சரிக்கை, அதையும் மீறினா வெளியே அனுப்பு, யாரா இருந்தாலும் சரி. பேட்டோட நிக்கிற பத்து வயசுப் பையன் உன் மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு இருக்கான்பா.

அப்புறம் பேட்டர் அடிச்சிட்டு ஓடிப்போய் முதல்ல தொடற ஃபர்ஸ்ட் பேஸ்ல அவன் கால் படறதைக் கண்ணால பாரு, பந்து கிளவுஸ்ல விழற சத்தத்தைக் காதால கேளு, எது முந்துதுன்னு தெரிஞ்சிரும். இது பழகிட்டா பாதிச் சண்டை வராது.