18 அடி அறைக்குப் பிரைம் லென்ஸா, சூம் லென்ஸா?

கேள்வி: கொக்குவிலில் வீட்டின் முன்பகுதியை அடைத்து, 18 அடி நீளமும் 11 அடி அகலமுமான சிறிய ஸ்ரூடியோ தொடங்குகிறேன். கனடாவிலுள்ள அண்ணா ஏபிஎஸ்-சி எனும் சிறிய சென்சர் உள்ள கமரா ஒன்றை லென்ஸ் இல்லாமல் அனுப்பியிருக்கிறார். ஃபிளாஷ் விளக்குகள் இரண்டு உண்டு. சாமத்தியப் (பூப்புனித நீராட்டு விழா) படங்களும் குடும்பப் படங்களுமே அதிகம் வரும். ஒரு லென்ஸுக்குத்தான் காசு இருக்கிறது. 85 மி.மீ. எஃப் 1.8 பிரைம் வாங்குவதா, 24-70 எஃப் 2.8 சூம் வாங்குவதா?

பதில்: சூம் வாங்குங்கள். ஆனால் எஃப் 2.8 வேண்டாம், 24-105 எஃப் 4 போதும். பிரைமில் குவியத் தூரம் (மி.மீ. எண்) ஒன்றுதான், சூமில் அதை மாற்றலாம். அந்த எண் கூடினால் படத்துக்குள் அடங்கும் காட்சி குறுகும். எஃப் எண் குறைந்தால் லென்ஸின் துவாரம் அகலத் திறந்து ஒளி கூட வரும், பின்னணி மங்கும்.

முடிவு செய்வது உங்கள் அறையின் நீளம். சேலை உடுத்து நிற்கும் பிள்ளையைத் தலைக்கு மேலும் காலடியிலும் கொஞ்சம் இடம்விட்டு எடுக்க, 2 மீற்றர் உயரம் படத்துக்குள் அடங்க வேண்டும். சிறிய சென்சர் காட்சியை இன்னும் குறுக்குவதால், உங்கள் கமராவில் 85 மி.மீ. லென்ஸை மாட்டினால் அதற்கு 24, 25 அடி தள்ளி நிற்க வேண்டிவரும். நிழல் திரையில் விழாதிருக்கப் பிள்ளையையும் திரையிலிருந்து 4 அடியாவது முன்னே நிறுத்த வேண்டும். மிஞ்சுவது 14 அடிதான். 50 மி.மீ. கூட 15 அடி கேட்கும். முழு உருவத்துக்கு 35 மி.மீ. அளவுதான் உங்கள் அறைக்குள் அடங்கும். 85 மி.மீ. லென்ஸ் அங்கே மார்பளவுப் படத்துக்கு மட்டுமே உதவும். அதை மிக அழகாகச் செய்யும் என்பதும் உண்மை.

எஃப் 1.8 தரும் மங்கலான பின்னணி எல்லோருக்கும் பிடிக்கும். ஸ்ரூடியோவில் பின்னணி வெறும் திரைதானே, மங்க வைக்க அங்கே என்ன இருக்கிறது? சாமத்தியப் படத்தில் கண் மட்டும் தெளிந்து, நெற்றிச்சுட்டியும் தோடும் கலங்கினால் பிள்ளையின் தாய் படத்தை ஏற்கமாட்டார். அவருக்கு ஒவ்வொரு நகையும் தெரிய வேண்டும். அதற்கு எஃப் 8 வைத்துத்தான் எடுப்பீர்கள். எஃப் 1.8-இல் எஃப் 8-ஐவிட ஏறத்தாழ 20 மடங்கு ஒளி உள்ளே வரும். பல ஃபிளாஷ்களை அந்த அளவுக்குக் குறைக்கவும் முடியாது. எஃப் 8-இல் நல்ல சூமுக்கும் பிரைமுக்கும் உள்ள கூர்மை வித்தியாசம் அல்பத்தில் கண்ணுக்குத் தெரியாது. மிஞ்சும் காசில் ஃபிளாஷ் ஒளியைப் பரப்பி மென்மையாக்கும் பெரிய சொஃப்ட்பொக்ஸ் ஒன்று வாங்குங்கள். முகத்தின் அழகை லென்ஸைவிட ஒளிதான் அதிகம் தீர்மானிக்கிறது.

சூமில் ஓர் ஆபத்து உண்டு. கிட்டப் போய் 24-இல் திருப்பி எடுத்தால் மூக்குப் பெரிதாகும், காது பின்வாங்கும். அதற்குக் காரணம் குவியத் தூரம் அல்ல, நீங்கள் நிற்கும் தூரம். ஆகவே முகப் படத்துக்கு 6 முதல் 8 அடியில் தரையில் ரேப் ஒட்டி அங்கே நில்லுங்கள். பிறகு சூம் வளையத்தைத் திருப்புங்கள். குடும்பப் படத்தில் ஓரத்தில் நிற்பவர்கள் அகன்று தெரிவார்கள், அவர்களைச் சற்று உள்ளே நெருக்கி நிறுத்துங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் லென்ஸில் பூஞ்சணம் பிடிக்கும். நீண்டு சுருங்கும் சூம் ஈரக்காற்றையும் தூசியையும் உள்ளிழுக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லுடன் வையுங்கள்.

இவ்வளவு சொல்லியும் மனம் 85-இலேயே நின்றால், நண்பர் ஒருவரின் 18-55 லென்ஸை ஒரு பின்னேரம் இரவல் வாங்குங்கள். 55-இல் வைத்து, சுவரோடு முதுகை ஒட்டி நின்று, வீட்டில் ஒருவரின் முழு உருவத்தை எடுத்துப் பாருங்கள். கால் வெட்டுப்பட்டால் 85-ஐ இப்போது வாங்க வேண்டாம்.