தசைக்கு மேலா, அடியிலா? தண்ணீர் வண்டியும் கணக்கில் வரும்

கேள்வி: டாக்டரம்மா, எனக்கு வயது 34. தேவிபட்டினத்துக்குப் பக்கத்தில் கடலோரக் கிராமம். இரண்டு பிள்ளைகள், இருவருக்கும் நிறைய நாள் பால் கொடுத்தேன். உயரம் 153 செ.மீ., எடை 46 கிலோ. பால் நிறுத்திய பிறகு மார்பகம் வற்றிவிட்டது, கொஞ்சம் சரிந்தும் இருக்கிறது. இம்ப்ளான்ட் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது முழுக்க என் ஆசை. சவுதியில் இருக்கும் கணவருக்கும் சம்மதம். வெளியூர் கிளினிக் ஒன்றில் 375 சிசி சிலிக்கானைத் தசைக்கு மேலே வைத்தால் சீக்கிரம் ஆறிவிடும் என்றார்கள். நெட்டில் பார்த்தால் அடியில் வைத்தால்தான் இயற்கையாக இருக்கும் என்கிறார்கள். வைத்தது யாருக்கும் தெரியக்கூடாது. கணவர் இரண்டு மாதத்தில் விடுமுறைக்கு வருகிறார். அதற்குள் முடித்துவிடலாமா? தண்ணீர் எடுப்பது முதல் வீட்டு வேலை எல்லாம் நான்தான். எது சரி?

பதில்: உங்கள் கடிதத்தைப் படிக்கிறவர்கள் 375-ஐத்தான் முதலில் பார்ப்பார்கள். என் கண்ணில் பட்டது 'தண்ணீர் எடுப்பது' என்ற இரண்டு வார்த்தை. நம் பக்கம் தண்ணீர் எடுப்பது என்றால் குழாயைத் திறப்பது இல்லை. நாலு சக்கரத் தள்ளுவண்டியில் ஏழெட்டு பிளாஸ்டிக் குடங்களை அடுக்கி, மணலும் பள்ளமுமான பாதையில் தள்ளிக்கொண்டு வீடு வந்து சேருவது. குடத்துக்குப் பதினைந்து லிட்டர் என்று வைத்தாலும் எட்டுக் குடம் 120 கிலோ. அந்த வண்டியைத் தள்ளும்போது, மார்பகத்துக்குப் பின்னால் விசிறிபோல் விரிந்து கிடக்கும் பெரிய மார்புத் தசைதான் இறுகி இறுகி வேலை செய்கிறது. கிளினிக்கில் உங்களிடம் யாராவது இதைக் கேட்டார்களா?

இப்போதே ஒன்று செய்து பாருங்கள். கும்பிடுவதுபோல் இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து ஒன்றையொன்று பலமாக அழுத்துங்கள். கழுத்துக்குக் கீழே, மார்பகத்துக்கு மேல்பக்கம் ஒரு கட்டை எழும்பி நிற்கிறதல்லவா, அதுதான் தசை. அதற்கு அடியில் இம்ப்ளான்ட் என்கிற சிலிக்கான் பையை வைத்தால், நீங்கள் அழுத்துகிற ஒவ்வொரு தடவையும் தசை அந்தப் பையைப் பிதுக்கும். பை மேலேயோ அக்குள் பக்கமோ நகரும், தோலில் குழி விழும். உட்கார்ந்திருக்கும்போது தெரியாது. கையில் பாரம் ஏறினால் தெரியும்.

இதை நான் என் தப்பிலிருந்து கற்றுக்கொண்டேன். பாம்பன் பக்கத்துப் பெண் ஒருவர், கடலில் பாசி எடுக்கப் போகிறவர். புற்றுநோய்க்காக ஒரு பக்க மார்பகத்தை எடுத்த பிறகு என்னிடம் வந்தார். தசைக்கு அடியில் இம்ப்ளான்ட் வைத்தேன். கட்டிலில் படுக்கவைத்துப் பார்த்தால் அழகாக இருந்தது, எனக்குத் திருப்திதான். ஆறு மாதம் கழித்து வந்து, "டாக்டரம்மா, சும்மா இருக்கையில நல்லாத்தான் இருக்கு. பாறையில இருந்து பாசியப் பிடுங்குறப்ப அது அக்குளுக்கு ஓடுது" என்றார். விரலில் துணி சுற்றிக்கொண்டு மணிக்கணக்கில் தண்ணீருக்கடியில் இழுக்கிற கை அது. அந்தக் கை என்ன வேலை செய்கிறது என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை. பிறகு பையைத் தசைக்கு மேலே மாற்றி, வயிற்றிலிருந்து கொழுப்பு எடுத்து மேலே நிரப்பினோம். இரண்டாவது ஆபரேஷன், இரண்டாவது செலவு. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. எனக்குத்தான் கூச்சமாக இருந்தது.

அப்படியானால் தசைக்கு மேலேயே வைத்துவிடலாமே என்று தோன்றும். அதற்கு உங்கள் உடம்பு இடம் கொடுக்க வேண்டும். பெருவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மார்பகத்தின் மேல்பகுதியைக் கிள்ளிப் பிடியுங்கள். அந்த மடிப்பின் கனம் இரண்டு சென்டிமீட்டர்கூட இல்லையென்றால், மேலே வைக்கிற பையை மூட அங்கே சதை போதாது. பையின் விளிம்பு தட்டின் ஓரம்போல் தடவினால் தெரியும், குனியும்போது தோலில் அலை அலையாய்ச் சுருக்கம் விழும். 46 கிலோ எடையில், பால் வற்றிய மார்பகத்தில், அந்தக் கனம் இருக்க வாய்ப்புக் குறைவு. மேலே வைத்தால் வலி குறைவு, சீக்கிரம் வேலைக்குத் திரும்பலாம் என்று அவர்கள் சொன்னது பொய்யில்லை. ஆனால் முதல் இரண்டு வாரச் சுகத்துக்காக அடுத்த பத்து வருடத்துக்கான முடிவை எடுக்கக் கூடாது.

பாதிக்குப் பாதி என்று ஒரு வழியும் உண்டு. இரட்டைத் தளம் என்போம், ஆங்கிலப் பெயர் டூயல் பிளேன். தசையின் கீழ் ஓரத்தை விடுவித்துவிட்டு, பையின் மேல்பகுதி தசைக்கு அடியிலும் கீழ்ப்பகுதி நேரே பால் சுரப்பிக்கு அடியிலும் வருமாறு வைப்பது. மேலே விளிம்பு மறைந்துவிடும். கீழே மார்பகம் தன் இயல்பில் நிறைந்து நிற்கும். உங்கள் வர்ணனையை மட்டும் வைத்துப் பார்த்தால் நான் இந்தப் பக்கம்தான் சாய்வேன். வண்டி தள்ளும்போது கொஞ்சம் அசைவு தெரியலாம், அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அந்த அசைவு சேலைக்குள் சில நிமிடம். விளிம்பும் சுருக்கமும் நாள் முழுக்க. இரண்டில் எது உங்களுக்குத் தொந்தரவு என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். கிள்ளிப் பார்த்ததில் சதை நன்றாகவே இருந்தால், தசையின் மேலுறைக்கு அடியில் மட்டும் வைக்கிற முறையையும் கேட்டுப் பாருங்கள்.

சரி, 375-க்கு வருவோம். அளவை சிசியில் தொடங்குவதே எனக்குப் பிடிக்காது. பிளவுசை உடம்பை அளந்து தைப்பார்களா, துணி எத்தனை மீட்டர் மிச்சம் இருக்கிறது என்று பார்த்துத் தைப்பார்களா? முதலில் பார்க்க வேண்டியது உங்கள் மார்பகத்தின் அடி அகலம். நெஞ்சு நடுவிலிருந்து அக்குள் பக்கம் வரை மார்பகம் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்பதை டாக்டர் காலிப்பர் என்ற கவட்டை அளவுகோலால் அளப்பார். உங்கள் உடல்வாகுக்கு 11, 11.5 செ.மீ. இருக்கலாம். பை அதற்குள் அடங்க வேண்டும். அகலம் 11 செ.மீ. என்றால், நடுத்தரப் புடைப்புள்ள பையில் அது ஏறக்குறைய 220 முதல் 250 சிசி. 375 சிசி என்றால், நன்றாகப் புடைத்த வகையில்கூட அகலம் 12 செ.மீ.-ஐத் தொடும். மிச்சம் ஒரு சென்டிமீட்டர் எங்கே போகும்? அக்குளில் இடிக்கும், அல்லது நடுவில் இரண்டும் நெருங்கி ஒட்டும். ஒரு சிசி ஜெல் கிட்டத்தட்ட ஒரு கிராம். ஏற்கெனவே தளர்ந்த தோல் பக்கத்துக்கு 375 கிராமைச் சுமந்தால் சில வருடத்தில் இன்னும் கீழே இறங்கும். கழுத்துக்குக் கீழே பந்துபோல் எழும்பி நிற்பதுதான் 'வைத்தது' என்று காட்டிக்கொடுக்கும். இயல்பான மார்பகத்தில் மேல்பாதியைவிடக் கீழ்ப்பாதிதான் கொஞ்சம் நிறைந்திருக்கும், மேலே சரிவாக இறங்கும். அதைக் கெடுப்பது அளவுதான், பெரும்பாலும்.

வீட்டிலேயே பார்க்க ஒரு வழி சொல்கிறேன். ஆழாக்கு இருக்கிறதா வீட்டில்? ஒரு ஆழாக்கு 168 மில்லி, ஒரு மில்லியும் ஒரு சிசியும் ஒன்றுதான். ஒன்றரை ஆழாக்கு அரிசி என்றால் 252. மெல்லிய பிளாஸ்டிக் பையில் போட்டுக் காற்றில்லாமல் கட்டுங்கள், இரண்டு பக்கத்துக்கும் இரண்டு. கப் வைக்காத, இழுத்தால் விரிகிற பிராவுக்குள் வைத்து, மேலே நீங்கள் வழக்கமாகப் போடும் பிளவுசோ நைட்டியோ போட்டு ஒரு நாள் முழுக்க இருங்கள். குனிந்து பெருக்குங்கள், பிள்ளையைத் தூக்குங்கள். மறுநாள் உழக்கு அரிசி, அதாவது இரண்டு ஆழாக்கு, அது 336. கிளினிக்கில் சொன்ன அளவு அதற்கும் மேலே என்பதை மனதில் வையுங்கள். ஜெல் அரிசியைவிடக் கொஞ்சம் கனம், உள்ளே போனால் உருவமும் இப்படியே இருக்காது. ஆனாலும் நூறு போட்டோ பார்ப்பதைவிட இது நல்லது. முதல் நாள் சாயங்காலம் வரை உழக்குதான் வேண்டும் என்று இருந்தவர்கள் பலர், மூன்றாம் நாள் ஒன்றரை ஆழாக்குக்கு இறங்கி வந்திருக்கிறார்கள். பார்த்து முடித்ததும் அரிசியைக் களைந்து உலையில் போட்டுவிடலாம், வீணாக்க வேண்டாம்.

சரிவைப் பற்றி ஒரு வரியில் எழுதியிருக்கிறீர்கள். அதற்கு ஒரு பத்தி வேண்டும். கண்ணாடி முன் பக்கவாட்டில் நின்று, மார்பகத்துக்குக் கீழே இருக்கும் மடிப்பைப் பாருங்கள். காம்பு அந்த மடிப்புக்கு மேலே இருந்தால் இம்ப்ளான்ட் மட்டுமே போதும். மடிப்புக்குக் கீழே இறங்கியிருந்தால் பை அதைத் தூக்காது. பை மேலே நிற்கும், மார்பகம் அதன் மேலிருந்து வழிந்து தொங்கும். அப்போது தோலைக் குறைத்துத் தூக்கிக் கட்டுகிற அறுவை சிகிச்சையும் சேர வேண்டும், தழும்பும் கூடும். சரிவை மறைக்கப் பையைப் பெரிதாக்குவது சில இடங்களில் நடக்கிறது. உங்களுக்கு 375 சொன்னதற்கு அதுதான் காரணமோ என்று எனக்கு ஒரு சந்தேகம். நேரில் பார்க்காமல் அடித்துச் சொல்ல முடியாது.

இரண்டு மாதத்துக்குள் முடித்துவிடலாமா? ஆபரேஷன் முடியும். உருவம் முடியாது. முதல் வாரங்களில் மார்பகம் மேலே ஏறி, இறுகி, கல்போல் நிற்கும். தசை தளர்ந்து, பை கீழே இறங்கி, தொட்டால் மென்மையாக உணர மூன்றிலிருந்து ஆறு மாதம் பிடிக்கும். உங்கள் கணவர் வந்து இறங்குகிற நாளில் அவர் பார்க்கப்போவது வீக்கம் வடியாத பாதி வேலையை. மறுபக்கமும் யோசித்தேன். ஆறு வாரத்துக்குத் தண்ணீர் வண்டியைத் தொடக் கூடாது, குடம் தூக்கக் கூடாது, தையல் நன்றாக ஆறும் வரை கடலில் இறங்கக் கூடாது. அந்த ஆறு வாரம் தண்ணீர் யார் எடுப்பார்கள்? அவர் வந்த முதல் வாரத்தில் ஆபரேஷன் வைத்துக்கொண்டு, விடுமுறை முழுக்க அவரை வண்டி தள்ளவிடுவது என் யோசனை. சிரிப்புக்குச் சொல்லவில்லை, நிஜமாகத்தான்.

யாருக்கும் தெரியக்கூடாது என்பதற்குத் தழும்பும் முக்கியம். பெரும்பாலும் மார்பகத்தின் கீழ் மடிப்பில் நாலைந்து செ.மீ. வெட்டு போடுவோம், அது மடிப்புக்குள்ளேயே கிடக்கும். காம்பைச் சுற்றி வெட்டினால் தழும்பு மங்கலாகும், ஆனால் பால் நாளங்களும் உணர்ச்சி நரம்புகளும் அடிபட வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். உங்கள் காது குத்திய இடத்தையும், தோளில் பிசிஜி ஊசித் தழும்பையும் தடவிப் பாருங்கள். கட்டியாய்த் தடித்திருந்தால் உங்களுக்குக் கீலாய்டு உடம்பு, தழும்பு தடித்து வளரும். டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

விற்கிறவர்கள் மெதுவாகச் சொல்கிற விஷயம் ஒன்று இருக்கிறது. இம்ப்ளான்ட் ஆயுசுக்கும் வருவது இல்லை. என்றாவது மாற்றவோ எடுக்கவோ வேண்டிவரலாம். உடம்பு அதைச் சுற்றி ஓர் உறை கட்டும், சிலருக்கு அது இறுகி வலிக்கும், உருவம் கோணும். தசைக்கு அடியில் வைத்தால் இது கொஞ்சம் குறைவு. ஜெல் பை உள்ளுக்குள் கிழிந்தாலும் வெளியே ஒன்றும் தெரியாமல் போகலாம். அதனால்தான் ஐந்தாறு வருடம் கழித்து ஒருமுறையும், அதன்பின் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறையும் அல்ட்ராசவுண்ட் அல்லது எம்ஆர்ஐ எடுக்கச் சொல்கிறது அமெரிக்காவில் மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் எஃப்டிஏ. மேல்பரப்பு வழவழப்பா, சொரசொரப்பா என்றும் கேளுங்கள். சொரசொரப்பு வகையோடு ஓர் அரிய நிணநீர்ப் புற்றுநோய்க்குத் தொடர்பு தெரிந்து, 2019-ல் அலர்கன் நிறுவனம் தன் பயோசெல் வகைப் பைகளை உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றது. வைக்கிற பையின் நிறுவனம், மாடல், வரிசை எண் போட்ட அட்டை தருவார்கள். ரேஷன் கார்டு இருக்கிற இடத்தில் அதையும் வையுங்கள். ஆபரேஷனுக்கு முன்னால் மார்பக அல்ட்ராசவுண்ட் ஒன்று கட்டாயம். அம்மா வழியிலோ அப்பா வழியிலோ மார்பகப் புற்றுநோய் உண்டு என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இன்னொரு பிள்ளை வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் இப்போது வேண்டாம், அதற்குப் பிறகு பார்க்கலாம்.

ஆசைப்பட்டதற்கு நீங்கள் கூசத் தேவையில்லை. 2018-ல் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் இதை ஏழைகளுக்கு இலவசமாகச் செய்யத் தொடங்கியபோது, இதெல்லாம் அரசாங்கத்தின் வேலையா என்று ஒரு சத்தம் எழுந்தது. கேட்டவர்களில் எத்தனை பேர் வீட்டில் பால் கொடுத்து வற்றிய உடம்பைப் பார்த்திருப்பார்கள் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

அடுத்து எந்த டாக்டரிடம் போனாலும், அவர் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். என்ற மேற்படிப்பு படித்தவரா என்று முதலில் பாருங்கள். அப்புறம் அவர் கையில் டேப் எடுக்கிறாரா, கேட்லாக் எடுக்கிறாரா என்று பாருங்கள். டேப் எடுத்தால் உட்காருங்கள். அளந்து முடித்ததும் தண்ணீர் வண்டியைப் பற்றி நீங்களே சொல்லிவிடுங்கள்.