பிரிட்டிஷ் ராக் குழுவான ஸ்வேடின் 'கமிங் அப்' ஆல்பத்தில் கிளாம் ராக் எங்கே கேட்கிறது?

முந்தைய 'டாக் மேன் ஸ்டார்' (1994) ஆல்பத்தோடு ஒப்பிட்டுக் கேளுங்கள். அதில் ஒரு பாடல் 9 நிமிடம் தாண்டும், ஆர்கெஸ்ட்ரா வேறு. கிட்டாரிஸ்ட் பெர்னார்ட் பட்லர் விலகி, 17 வயது ரிச்சர்ட் ஓக்ஸ் வந்தபின் பாடகர் பிரெட் ஆண்டர்சன் 1970களின் கிளாம் ராக் குழுவான டி. ரெக்ஸ் பாணிச் சுருக்கத்துக்குத் திரும்பினார்: 10 பாடல்கள், குட்டை ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரி), கூட்டமாகப் பாடத்தக்க கோரஸ். 'கமிங் அப்' 1996 செப்டம்பரில் வந்து பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. ஐந்து சிங்கிள்களும் டாப் 10! கிளாமின் கனத்த, காலால் மிதிப்பது போன்ற தாளம் 'ஃபிலிம்ஸ்டார்' பாடலில்தான் மிகத் தெளிவு.

கிட்டாரில் இதை வாசிப்பவர்கள் பெரும்பாலும் டிஸ்டார்ஷனை (ஒலியின் கரகரப்பை) கூட்டிவிடுகிறார்கள். நோட்டுகள் குழைந்து ரிஃபின் துள்ளலே போய்விடும். இந்தக் கரகரப்பைக் கூட்டும் கெயினைக் குறைத்து, மிட்ரேஞ்சை (நடுத்தர சுருதி ஒலிகளை) ஏற்றுங்கள். தடிமன் போதவில்லை என்றால் அதையே இரண்டாம் முறை வாசித்துப் பதிந்து, ஒன்றை இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் வையுங்கள்.