மைனஸ் ஒரு ஆம்பியர்

அன்புள்ள சார்,

கடலூர் முதுநகரிலிருந்து புதுச்சேரியில் உள்ள ஒரு பொறியியல் கல்லூரிக்குத் தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். ட்ரிபிள் ஈ (மின், மின்னணுப் பொறியியல்) முதலாமாண்டு. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழி. சர்க்யூட் தியரி வகுப்பில் போர்டில் போடும்போது எல்லாம் புரிகிறது. வீட்டில் தனியாக உட்கார்ந்தால் முதல் வரியே வருவதில்லை. மின்னோட்டம் எந்தப் பக்கம் போகிறது என்று தெரியாமல் சமன்பாட்டை எப்படி எழுதுவது? விடையில் மைனஸ் வந்தால் எல்லாவற்றையும் அடித்துவிட்டு மறுபடி போடுகிறேன். நான் கணக்கில் வீக் என்று தோன்றுகிறது. பிராஞ்ச் மாறிவிடலாமா?

முதலாமாண்டு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

பிராஞ்ச் மாறுவதை இப்போது யோசிக்க வேண்டாம். சிக்கல் எங்கே இருக்கிறது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். அது கணக்கில் இல்லை. திசை தெரிந்த பிறகுதான் சமன்பாடு எழுத வேண்டும் என்று நினைக்கிறீர்களே, அங்கேதான் இருக்கிறது. திசை முன்னாலேயே தெரிய வேண்டியதில்லை. உங்களுக்குத் தோன்றிய பக்கம் ஓர் அம்புக்குறி போடுங்கள். போட்டபின் கடைசிவரை அதை மாற்றாதீர்கள். உண்மையில் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதை விடையின் குறி சொல்லிவிடும்.

ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம், நோட்டுப் புத்தகத்தை எடுங்கள். நடுவில் ஒரு நோட் (node), அதாவது கம்பிகள் சந்திக்கும் புள்ளி. இடது பக்கம் 12 வோல்ட் பேட்டரி, 2 ஓம் தடை வழியாக அந்த நோடுக்கு வருகிறது. வலது பக்கம் 6 வோல்ட் பேட்டரி, அதுவும் 2 ஓம் வழியாக. நோடிலிருந்து கீழே கிரவுண்டுக்கு, அதாவது மின்னழுத்தம் பூஜ்யம் என்று வைத்துக்கொள்ளும் புள்ளிக்கு, ஒரு 8 ஓம். பேட்டரிகளின் மைனஸ் முனை இரண்டும் கிரவுண்டில்.

எழுதுவதற்கு முன்னால் ஒரு நிமிடம் ஊகியுங்கள். நோடின் மின்னழுத்தம் 12க்கு மேலே போக முடியுமா? முடியாது. பூஜ்யத்துக்குக் கீழே? அதுவும் முடியாது. ஆகவே 15 என்றோ மைனஸ் 3 என்றோ விடை வந்தால், எங்கோ தவறு என்று விடைப் பக்கத்தைப் புரட்டாமலே தெரிந்துவிடும். இந்த ஊகத்தை எந்தக் கணக்கிலும் விடாதீர்கள்.

இப்போது இரண்டு பேட்டரியிலிருந்தும் மின்னோட்டம் நோடை நோக்கி வருவதாக அம்பு போடுங்கள். நோடின் மின்னழுத்தம் வி. நோடில் மின்னூட்டம் தேங்காது, வந்தது வெளியே போயாக வேண்டும். இடமிருந்து வருவது 12 கழித்தல் வி, அதை 2ஆல் வகுக்க வேண்டும். வலமிருந்து வருவது 6 கழித்தல் வி, அதையும் 2ஆல். இரண்டும் சேர்ந்து, கீழே போகும் வி வகுத்தல் 8க்குச் சமம். தீர்த்தால் வி = 8 வோல்ட்.

இடது பேட்டரி 2 ஆம்பியர் தருகிறது. 8 ஓமில் 1 ஆம்பியர் இறங்குகிறது. வலது பேட்டரிக்கு? மைனஸ் 1 ஆம்பியர்.

நீங்கள் பேப்பரை அடிக்கும் இடம் இதுதான். அடிக்காதீர்கள், விடை சரி. 6 வோல்ட் பேட்டரி மின்னோட்டத்தைத் தரவில்லை, வாங்கிக்கொள்கிறது. அதாவது சார்ஜ் ஆகிறது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபின் உங்கள் பக்கத்து ஊர்களில் எத்தனையோ நாள் கரண்ட் இல்லை. இன்வெர்ட்டர் வைத்திருந்தவர்கள் வீட்டில் பேட்டரி தீரும்வரை மின்னோட்டம் வெளியே வந்தது. கரண்ட் திரும்பியதும் அதே கம்பியில் உள்ளே போனது. வெளியே வருவதை பிளஸ் என்று வைத்தால் உள்ளே போவது மைனஸ். அவ்வளவுதான் அந்தக் குறி.

அப்புறம் திறனைக் கூட்டிப் பாருங்கள். 12 வோல்ட் பேட்டரி தருவது 24 வாட். இடது தடையில் 8, நடுத் தடையில் 8, வலது தடையில் 2, சார்ஜ் ஆகும் பேட்டரிக்குள் 6. மொத்தம் 24. கணக்கு நேர்! இது பரீட்சைக்கான தந்திரம் மட்டும் இல்லை. உங்கள் மாவட்டத்து நெய்வேலி அனல்மின் நிலையங்கள் சேர்ந்திருக்கும் மின்தொகுப்பிலும் உற்பத்தியும் செலவும் நொடிக்கு நொடி ஒத்துப்போக வேண்டும். செலவு மிஞ்சினால் 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண் இறங்கத் தொடங்கும்.

மெஷ் முறையா நோடல் முறையா என்று குழம்ப வேண்டாம். சுற்றின் வளையங்களில் ஓடும் மின்னோட்டங்களைத் தெரியாத எண்களாக எடுப்பது மெஷ்; மேலே செய்ததுபோல் நோடின் மின்னழுத்தத்தை எடுப்பது நோடல். எதில் தெரியாத எண்கள் குறைவோ அதை எடுங்கள். மேலே சொன்ன சுற்றில் நோடலுக்கு ஒரே சமன்பாடு, மெஷ்ஷுக்கு இரண்டு.

பேட்டரிகளும் தடைகளும் கொண்ட சுற்றை இரண்டு முனைகளிலிருந்து பார்த்தால் ஒரு மின்னழுத்த மூலமும் ஒரு தடையும்தான் என்கிறது தெவினின் தேற்றம். அது வரும்போது பலர் மனப்பாடம் செய்கிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு, ஏனென்றால் அது கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய விஷயம். ஒரு 9 வோல்ட் பேட்டரி, இரண்டு 1 கிலோ ஓம் தடைகள் தொடரிணைப்பில். நடுப்புள்ளிக்கும் பேட்டரியின் மைனஸ் முனைக்கும் இடையில் மல்டிமீட்டர் வைத்தால் 4.5 வோல்ட் காட்டும். தடைகளை மாற்றி இரண்டு 10 மெகா ஓம் போடுங்கள். கணக்குப்படி அப்போதும் 4.5தான். ஆனால் உள்தடை 10 மெகா ஓம் உள்ள மீட்டர் 3 வோல்ட்தான் காட்டும், 1 மெகா ஓம் என்றால் 0.75. மீட்டரும் சுற்றில் ஓர் அங்கமாகிவிட்டது. நடுப்புள்ளியிலிருந்து பார்த்தால் அந்தச் சுற்று முழுவதும் 4.5 வோல்ட் மூலமும் அதனுடன் தொடரில் 5 மெகா ஓம் தடையும்தான். பிரெஞ்சுத் தந்தித் துறைப் பொறியாளர் தெவினின் 1883இல் வெளியிட்டது இதைத்தான். அவருக்கு முன்பே 1853இல் ஜெர்மன் இயற்பியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸும் சொல்லியிருக்கிறார். பேட்டரியில் மட்டும் செய்யுங்கள், வீட்டு 230 வோல்ட்டில் கை வைக்க வேண்டாம்.

கணினியில் சுற்றைப் போட்டுப் பார்க்கும் சிமுலேட்டரைத் தாராளமாகப் பயன்படுத்தலாம், உங்கள் ஊகத்தை எழுதிவைத்த பிறகு.

நோடில் வந்தது வெளியே போயாக வேண்டும் என்றோமே, அது கிர்க்காஃபின் விதி. அவர் தன் விதிகளை 1845இல் வெளியிட்டபோது அவருக்கு 21 வயது, அன்றைய பிரஷ்யாவின் கோனிக்ஸ்பெர்க்கில் மாணவர். உங்களைவிட மூன்று நான்கு வயது மூத்தவர். அந்த விதிகளைத் தமிழில் நீங்கள் பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலிலேயே படித்துவிட்டீர்கள், வீட்ஸ்டன் சமனச்சுற்றோடு சேர்த்து. அந்தப் புத்தகம் வீட்டில் இருந்தால் எடுத்து, அதில் இருக்கும் கணக்குகளை நோடல் முறையில் போட்டுப் பாருங்கள். ஏசி சுற்றுகள் வருவதற்கு முன் ஓர் இருபது கணக்காவது உங்கள் கையால் முடித்திருங்கள். அங்கே தடைக்குப் பதில் கலப்பெண் வரும், சமன்பாடு எழுதும் முறை இதேதான்.